அயலார் மூட்டிய தீயும் நாம் பொங்கிய பானையும்



ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு விழாக் குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை குறித்து எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். அதனை எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். ஆதலால், எமது அறியாமையைச் சிறுமி ஒருத்தி எமக்கு உணர்த்திய நிகழ்ச்சியையும் அதன்வழி யாம் கொண்ட கருத்தையும் இங்கு முன்வைக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், எம் வகுப்பிற் பயிலும் பன்னிரண்டு வயதுச் சிறுமி எம்மிடம் வந்தாள். "சேர், என்னோடை படிக்கிற பிள்ளையின்ரை ஆக்கள் வாற கிழமை தீ மூட்டிப் புதுவருசம் கொண்டாடுகினமாம். அது என்ன புதுவருசம்?" என வினவினாள். யாம் சற்றும் தயங்காது, "அது அரபியரின் புத்தாண்டு" என்று கூறி அனுப்பினோம். அடுத்த ஞாயிறு அவள் முகம் வாடி வந்தாள். "சேர், அவை அரபியர் இல்லையாம், குர்தியராம். நான் அப்பிடிச் சொன்னதாலை அவள் என்னோடை கதைக்கிறேல்லை" என்றாள்.

வன்னியிலே பதினோராண்டு கரும்பலகையின் முன் நின்ற எமக்கு அன்று விடை கூற நா எழவில்லை. இந்நாட்டவர் நம்மைப் பார்த்து "இந்தியரா, பாக்கிஸ்தானியரா?" எனக் கேட்கும்போது உள்ளம் சுருங்குகின்றோம், நாம் யார் என விளக்க முற்படுகின்றோம். அந்நோவினை அறிந்த நாமே, அயலில் வாழும் குர்தியரையும் கபிலியரையும் எகிப்தியரையும் ஒரே பெயரால் அழைத்துக் கடந்து போகின்றோம். இது முறையா?

வீதியையே எடுத்துக்கொள்வோம். லாச்சப்பலிலே நம் மளிகைக் கடைகளும் புடைவைக் கடைகளும் நிறைந்துள்ள போபூர் சென் டெனி வீதியின் வடமுனையில் நாம் நிற்கின்றோம். அதே வீதியிலே தெற்கு நோக்கி நடந்தால் அதன் மறுமுனையில் துருக்கியரும் குர்தியரும் நடத்தும் கடைகளைக் காணலாம். மேற்கே சில நிமிடம் நடந்தால் பார்பேஸ். அங்கே அல்ஜீரியர், மொரோக்கர், துனீசியர் கடைகள். கோடையின் இறுதியில் மாணிக்க விநாயகர் தேர் இவ்வீதிகளில் உலா வருங்கால், சிதறுதேங்காய் உடைபடுவதை நடைபாதையில் நின்று காண்போருள் இவர்களும் உளர். அவர்கள் நம் விழாவைக் காண வருகின்றனர். நாம் அவர்களது விழாவைக் காணச் சென்றதுண்டா?

அச்சிறுமியின் பொருட்டு யாம் தேடி அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

குர்தியர், துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளிடையே பிரிந்து வாழும், தமக்கெனத் தனிநாடு இல்லாத மக்கள். அவர்தம் மொழி அரபு மொழியுமன்று, துருக்கிய மொழியுமன்று. இரவும் பகலும் ஒத்து நிற்கும் மார்ச் 21 ஆம் நாளை ஒட்டி அவர்கள் 'நெவ்ரோஸ்' கொண்டாடுகின்றனர். 'புதுநாள்' என்பது அதன் பொருள். ஈரானியரும் ஆப்கானியரும் மத்திய ஆசிய மக்கள் பலரும் இதனைக் கொண்டாடுவர். 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்நாளை அனைத்துலக நாளாக ஏற்றுக்கொண்டது. குர்தியரிடையே வழங்கும் கதை இது: தோள்களிற் பாம்புகள் முளைத்த சுகாக் என்னும் கொடுங்கோலன், அப்பாம்புகளுக்கு இளைஞரின் மூளையை உணவாக்கினான். மைந்தரைப் பறிகொடுத்த காவா என்னும் கொல்லன் அவனை வீழ்த்தி, மலைமேல் தீ மூட்டி விடுதலையை அறிவித்தான். அத்தீயே இன்றும் மூட்டப்படுகின்றது. நரகாசுரன் கதை கேட்டு வளர்ந்த நம் சிறார்க்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் வாசலிற் சொக்கப்பானை எரியக் கண்ட பெற்றோர்க்கு அத்தீயும் அந்நியமன்று.

துருக்கியிலே இவ்விழா நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. 1992 இல் சிஸ்ரே முதலிய ஊர்களில் விழாவிற்குத் திரண்டோர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் மாண்டனர். 'நெவ்ரோஸ்' எனக் குர்திய முறைப்படி எழுதுங்கால் இடையே வரும் எழுத்தொன்று துருக்கிய நெடுங்கணக்கில் இல்லை. அவ்வெழுத்தை எழுதியமைக்காகவே வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2013 இலேதான் அத்தடையை நீக்குவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஓர் எழுத்தின் பொருட்டு நீதிமன்றம் ஏறிய மக்களின் கதையை, ழகரத்தை ஒலிக்கச் சோம்பும் நம் மாணவர் அறிதல் நன்று.

இப்பாரிஸ் நகரிலும் அவர்கள் துயரின்றி வாழ்ந்தாரல்லர். 2022 டிசெம்பர் 23 ஆம் நாள், நம் கடைத்தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஆங்கியன் வீதியில், அவர்தம் பண்பாட்டு நிலையத்தின் அருகே மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவர் பாடகர். ஏதிலியாய் வந்த இடத்திலும் இழவு வீடு காணும் துயரை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, அல்ஜீரியாவின் கபிலியர் முதலிய அமாசிக் மக்களை நோக்குவோம். இவர்களும் அரபியர் அல்லர். தமக்கெனத் தொன்மொழி உடையோர். இஸ்லாமிய ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்தி வரும். நோன்பு மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றி வர ஏறத்தாழ 33 ஆண்டுகள் செல்லும். விதைப்புக்கும் அறுவடைக்கும் அது உதவாமையால், வட ஆபிரிக்க உழவர் சூரிய நாட்காட்டி ஒன்றையும் உடன் பேணினர். அதன் ஆண்டுப் பிறப்பே 'யென்னாயர்'. அல்ஜீரியர் அதனைச் சனவரி 12 இல், கோழியிறைச்சியும் பல காய்கறிகளும் சேர்ந்த குஸ்குஸ் உண்டு கொண்டாடுவர். நம் தைப்பொங்கலுக்கு இரண்டொரு நாளே இடைவெளி! 2018 முதல் அது அல்ஜீரியாவில் அரச விடுமுறை நாள். மொரோக்கோவிலோ 2024 முதல் சனவரி 14 ஆம் நாள் விடுமுறை. அமாசிக் ஆண்டுத் தொடரைக் கணக்கிட்ட நாட்காட்டி 1980 இல் வெளிவந்தது இப்பாரிஸ் நகரிலேதான் என்பது நினைக்கத்தக்கது. புலம்பெயர்ந்தோர் வகுத்த கணக்கினைத் தாயகம் பின்னர் ஏற்றது.

அரபு மொழி பேசும் எகிப்தியர்க்கும் பருவ விழா உண்டு. 'ஷம் அல் நசீம்' என்னும் அவ்விழாவின் பெயர் தென்றலை நுகர்தல் எனப் பொருள்படும். கொப்திக் கிறித்தவரின் உயிர்ப்புப் பெருவிழாவிற்கு மறுநாள் திங்களன்று, முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஒருங்கே நீலநதிக் கரைக்கும் பூங்காக்களுக்கும் சென்று, உப்பிட்ட மீனும் வெங்காயமும் வண்ணந் தீட்டிய முட்டையும் உண்பர். மதம் இரண்டாயினும் இளவேனில் ஒன்றே.

நிற்க. "வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரமே தமிழ் படிக்கின்றார்கள், அதற்குள் அயலார் விழா எதற்கு?" எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயின் அச்சிறுமியின் கதைக்கு மிச்சமும் உண்டு. யாம் கூறியவாறு அவள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டாள். தோழி காவாவின் கதையைச் சொல்லிவிட்டு, "நீங்கள் ஏன் பாலைப் பொங்கி வழிய விடுகிறீர்கள்?" என்று கேட்டாளாம். அவளால் விடை கூற இயலவில்லை. குற்றம் யாருடையது? அவ்வாண்டுப் பொங்கல் விழாவை ஞாயிறு மாலை மண்டபத்தில் நடத்தினோம். பொங்கல் ஒரு வீட்டில் சமைக்கப்பட்டு மூடிய பாத்திரத்தில் வந்தது. பிள்ளைகள் மேடையில் ஆடினர், பின்னர் பொங்கலை உண்டனர்; அது பொங்கியதைக் கண்டாரல்லர். குர்தியப் பிள்ளை தான் பாய்ந்து கடந்த தீயைப் பற்றிப் பேசினாள். நம் பிள்ளைக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

அயலாரை அறிதல் தமிழுக்குச் செலவிடும் நேரத்தைக் குறைப்பதன்று. பிறர் கேட்குங்கால்தான் நம்மிடம் உள்ளது யாது, இல்லாதது யாது என்பது தெளிவாகின்றது. ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒன்று, வரும் தைப்பொங்கலன்று பானையைப் பிள்ளைகளின் முன் வைப்போம். அரிசியிடுவோரும் அவர்களே ஆகட்டும். இரண்டு, ஒவ்வொரு மாணவரும் தம் பிரெஞ்சுப் பாடசாலையிலிருந்து ஒரு தோழரையேனும் அழைத்து வந்து, விழாவின் பொருளைத் தாமே விளக்கட்டும். மூன்று, அத்தோழரின் விழாவிற்கு அழைப்பு வந்தால், பெற்றோரே, தடுக்காதீர். சென்று வந்து அதனைத் தமிழிலே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! அவ்விரு சிறுமியரும் இன்று நண்பிகளாகவே இருக்கின்றனர். அன்று தவறான விடை தந்த யாமோ, ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் எம் வகுப்பிலே காவாவின் கதையைத் தமிழிற் சொல்லி வருகின்றோம். உங்களிடம் யார் எதனை வினவினும், அறியாததை அறிந்ததுபோற் கூறாதீர்கள், கேட்டறிந்து கூறுங்கள். அதுவே உங்கள் ஆசிரியர் காலம் தாழ்த்திக் கற்ற பாடம்.