வெங்கிணாந்தியும் வேடிக்கைச் செல்வரும்

சென்ற போக வேளாண்மை வெட்டின்போது சம்மாந்துறை வயலொன்றில் மலைப்பாம்புக் குட்டியொன்று அகப்பட்டது. நம் பக்கத்தார் வெங்கிணாந்தி என்று வழங்குவது இதனையே. பெரியோர் தடியெடுத்தனர், நம் மாணவனொருவனோ, “சேர், இத நம்மட ஊட்ட வளர்த்தா என்ன?” என்று கேட்டான். வெளிநாட்டுச் செல்வர் மலைப்பாம்பைத் தோளில் மாலையாக அணிந்து நிற்கும் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் கண்டு வியந்தவன் அவன். கொல்லவும் வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம் என்றோம். குட்டி பற்றைக்குள் நழுவி மறைந்தது. அவனுடைய கேள்வி மறையவில்லை.

அன்பினாலன்றோ வளர்க்கிறோம் என்பர் சிலர். எவ்வகை அன்பு இது? நாயும் பசுவும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியவை. மலைப்பாம்போ எசமானை அறியாது; அதன் அசையாமையையே பாசமென்று மயங்குகிறோம். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தன் உடலை நடுக்கி, அந்தச் சூட்டினால் அவற்றைக் காக்கும் தாய் அது. நீந்தவும் ஊரவும் பிறந்த அவ்வுயிரை ஆண்டுக்கணக்கிற் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பது அன்பன்று, உடைமை வெறி.

அவ்வெறிக்கு விலை கொடுப்போர் வேறு யாரோ. 2009இல் புளோரிடாவில் இரண்டு வயதுச் சிறுமியொருத்தி வீட்டில் வளர்த்த மலைப்பாம்பினால் இறந்தாள். 2013இல் கனடாவின் கேம்பல்டன் நகரில் உறங்கிக்கொண்டிருந்த சிறுவர் இருவர், அடைப்பிலிருந்து தப்பிய ஆபிரிக்க மலைப்பாம்பினால் மாண்டனர். குற்றம் பாம்பினதா? அதனை அங்கே கொணர்ந்தவர்களதா?

நம் வெங்கிணாந்திக்கு நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பின் கதையையும் கேளுங்கள். வேடிக்கைக்கு வாங்கியவர்கள், அது பத்தடிக்கு மேல் வளர்ந்து பாரமானதும் கைவிட்டனர். இவ்வாறு விடப்பட்டவையும் தப்பியவையும் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திற் பெருகின. அங்கே றக்கூன் என்னும் விலங்கு தென்படுவது நூற்றுக்கு 99 பங்கு குறைந்துவிட்டதென 2012இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. வெள்ளம் வந்தபின் கட்டிய அணை!

பின்னர் யாரை அழைத்தார்கள்? 2017இல் தமிழ்நாட்டிலிருந்து இருளர் இருவரை. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் காட்டறிவு ஒன்றையே துணையாகக்கொண்டு இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் இந்திய அரசு அவர்களுக்குப் பத்மஸ்ரீ வழங்கிற்று. பாராட்டத்தக்கதே. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: செல்வன் சிந்திய அழுக்கைத் துடைக்க, யுகயுகமாக ஒதுக்கப்பட்ட ஏழையின் கையல்லவா வேண்டியிருந்தது!

“அப்படியானால் பாம்பாட்டி வளர்க்கவில்லையா?” என்று வினவுவோர் உளர். அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையில் வாழும் வனக்குறவரின் முன்னோர் பாம்பாட்டிப் பிழைத்தவர்களே. அது வயிற்றின் கட்டாயம். இது பணத்தின் பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. முன்னவருக்கு வேண்டியது நிலமும் கல்வியும் தொழிலும். பின்னவருக்கு வேண்டியது சட்டத்தின் கண்டிப்பு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் நம் நாட்டில் மலைப்பாம்பைக் காக்கிறது. அச்சட்டம் குடிசையின் கதவை மட்டும் தட்டி, மாளிகையின் மதிலைக் கண்டு திரும்புமாயின், அது சட்டமன்று, வர்க்கத்தின் ஏவலாள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவரின் ஆவலை அதட்டி அடக்க வேண்டாம்; திசை திருப்புவோம். நம் வயல்களில் எலியைத் தின்று, கூலி கேளாது உழைப்பது வெங்கிணாந்தி. அதற்கு நஞ்சில்லை, வழிவிட்டால் தன் வழியே போகும். தடியும் கூண்டும் ஒரே ஆணவத்தின் இரு கைகள் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஓர் உயிரை உடைமையாக்காமலே நேசிக்கக் கற்ற பிள்ளை, நாளை ஒரு மனிதனையும் உடைமையாக்க ஒருப்படமாட்டான்.