கண்டதும் கேட்டதும்: வில் ஒருவர் கையில், அம்பு ஒருவர் கையில்

வேட்டைக்குச் சென்று வந்தோம் என்றால் நம் சங்கத்து அன்பர்கள் நம்ப மாட்டார்கள். நம்முடையது புலால் உண்ணாத குடும்பம். பேரேட்டில் கணக்குப் பிழையைத் தவிர வேறு எதையும் துரத்திப் பிடித்தறியாத கை. ஆயினும் சென்ற சித்திரைக் கடைசியில், ஒரு சனி ஞாயிறு விடுமுறையில், வில்லேந்தியவருடன் காட்டுக்குள் சென்று வந்தது உண்மை. அந்த வேட்டையில் ஓர் உயிரும் மாளவில்லை. ஆனால் நம் நெடுநாளைய பெருமை ஒன்று அங்கே அடிபட்டது. அதை அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

அலுவலகத்தில் அடுத்த மேஜையில் பணிபுரியும் நண்பர் சந்தால் குலத்தவர். நம்மைவிட ஆறேழு ஆண்டுகள் மூத்தவர். இப்பக்கத்து வழக்கப்படி அவரை நாம் ‘தாதா’ என்றே அழைப்போம். பொங்கலன்று தவறாமல் நம் இல்லத்துக்கு வந்து, சர்க்கரைப் பொங்கலை மறுமுறையும் கேட்டு வாங்கி உண்பவர். “உங்கள் பண்டிகைக்கு நான் ஆண்டுதோறும் வருகிறேன். எங்கள் பண்டிகை ஒன்றுக்கும் நீங்கள் வந்ததில்லையே! அப்பா சேந்திராக் காலத்தில் ஒரு நாளாவது காட்டுக்குள் போகாமல் இருக்க மாட்டார். இம்முறை நீங்களும் வாருங்கள்” என்றார். சேந்திரா என்றால் சந்தாலி மொழியில் வேட்டை. மறுத்தால் மனம் நோவாரே என்று ஒப்புக்கொண்டோம். வேட்டை பார்க்கும் ஆசையும் உள்ளூர இருந்தது என்பதை இப்போது மறைப்பானேன்?

டாட்டாநகரில் பிற்பகல் பாசஞ்சர் வண்டியில் ஏறி, ஆசன்போனி, ராக்கா மைன்ஸ் நிலையங்களைக் கடந்து காலூடியில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தொலைவு. பிறகு சால மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதை. ஊரின் மண்சுவர்கள் செம்மண்ணும் கருமண்ணும் பூசிக் கண்ணாடிபோல் மழுங்க மெழுகப்பட்டிருந்தன. தெருவில் ஒரு குப்பையைக் காணவில்லை. நண்பரின் அன்னையார் ஒரு பித்தளைச் சொம்பில் நீர் கொணர்ந்து நம்முன் வைத்து, “ஜோஹார்” என்று வணங்கினார். விருந்தினருக்கு முதலில் நீர் தந்து வணங்குவது அவர்கள் மரபு. வீட்டில் கால் வைத்தவுடன் ‘தண்ணீர் குடியுங்கள்’ என்று சொல்லும் நம் ஊர்த் திண்ணை நினைவுக்கு வந்தது.

பெரியவருக்கு எழுபதுக்கு மேலிருக்கும். முற்றத்தில் அமர்ந்து வில்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் தோள் உயரத்துக்கு இருந்தது அந்த மூங்கில் வில். நாணும் மூங்கிலே, பட்டையைச் சீவி எடுத்த மெல்லிய நார். அம்பின் தண்டு நாணல். பின்புறம் பறவை இறகு. முன்புறம் கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு முனை. பறவைகளுக்கென்று மரத்தால் ஆன மொட்டை முனையம்பும் ஒன்று இருந்தது. நாணை இழுத்துக் காட்டினார். சுட்டுவிரலும் நடுவிரலும்தாம் நாணைப் பற்றின. கட்டைவிரல் விலகியே நின்றது. “ஏகலைவன் கட்டைவிரலைக் குருதட்சிணையாகக் கொடுத்துவிட்டான் அல்லவா? அவன் கொடுத்ததை நாங்கள் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது?” என்றார். பாரதத்தை நாமும் சிறு வயதில் கேட்டவர்கள்தாம். ஏகலைவனுக்காக வருந்தியதுண்டு. அவனுக்காக ஒரு விரலை ஒதுக்கி வைத்தவர்களை அன்றுதான் கண்டோம்.

இரவு உணவு சால இலைத் தையலில். நமக்கென்று சோறும் பருப்பும் கீரையும் தனியே சமைத்திருந்தார்கள். உண்டபின் பெரியவர் பழங்கதை தொடங்கினார். நண்பர் இந்தியில் பெயர்த்துச் சொன்னார்.

அந்நாளில் வேட்டைக்கு நாள் குறித்தால் ஊர் ஊராக முடிச்சிட்ட கயிறு போகுமாம். எத்தனை முடிச்சோ அத்தனை நாள். நாளுக்கொரு முடிச்சாக அவிழ்த்து வருவார்கள். கடைசி முடிச்சு அவிழும் நாளில் ஆண்கள் வில்லும் வேலும் பறையுமாக மலையடிவாரம் சேர்வார்கள். “நான் புறப்பட்டதும் இவள் வகிட்டுச் செந்தூரத்தை அழித்துவிடுவாள். உயிரோடு திரும்பி வந்து நின்றால்தான் மறுபடி இடுவாள்” என்று மனைவியாரைக் காட்டினார். அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நாம் நண்பரிடம், “இறைச்சிக்காகவா இவ்வளவு பாடு?” என்று கேட்டோம். பெரியவர் கேள்வியைப் புரிந்துகொண்டு கையை ஆட்டினார்.

“இறைச்சி பங்கிட்டால் வீட்டுக்கு ஒரு பிடி வரும். பகலில்தான் வேட்டை. இரவில் சபை” என்றார்.

இந்தச் சபையைப் பற்றி அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. சந்தால் மக்களின் வழக்குகளை ஊரில் தீர்ப்பவர் மாஞ்ஜி என்னும் ஊர்த்தலைவர். பல ஊர்களுக்கு மேலே பர்கணா என்பவர். இவர்களும் தவறிழைத்தால் ஏழை யாரிடம் முறையிடுவான்? ஆண்டுக்கொரு முறை கூடும் வேட்டைச் சபையிலேதான். ‘லோ பீர்’ எனப்படும் அந்தக் காட்டுச் சபையில் வேட்டைப் பூசாரியான திஹ்ரி நடுவே அமர்வார். அங்கே மாஞ்ஜியின்மீதும் வழக்குரைக்கலாம், பர்கணாவின்மீதும் வழக்குரைக்கலாம். அச்சபையின் தீர்ப்புக்குமேல் வேறு தீர்ப்பில்லை. வழக்குகள் முடிந்தபின் விடியும்வரை பாட்டும் ஆட்டமும் நடக்கும். “காட்டில் எல்லாரும் ஒரே நிலத்தில் உட்காருவோம். ஊரில் அப்படி உட்கார முடியுமா?” என்றார் பெரியவர். ஒரு குலத்தின் உச்ச நீதிமன்றம் மரத்தடியில் வில்லோடு கூடியது என்பதை இத்தனை ஆண்டுகள் இந்நிலத்தில் வாழ்ந்தும் நாம் அறிந்திருக்கவில்லை.

அப்படிப்பட்ட சேந்திராவுக்குச் சட்டம் குறுக்கே வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் பிறந்தது. கொல்வது மட்டுமன்றி, கொல்ல முயல்வதும் துரத்துவதும் அச்சட்டப்படி வேட்டையே. சுமார் 3,000 அடி உயரமுள்ள தல்மா மலையும் அதைச் சுற்றி 193 சதுர கிலோமீட்டர் காடும் 1976-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இன்றும் கோடைதோறும் ஜார்க்கண்டு, வங்காளம், ஒடிசா மூன்று பக்கங்களிலிருந்தும் மக்கள் தல்மாவுக்கு ஏறத்தான் செய்கிறார்கள். வனத்துறையினர் வழிமறித்து, பூசையோடு நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறார்கள். சில ஆண்டுகளில் விலங்குகள் விழுவதும் உண்டு. காட்டு விலங்கு அருகிவிட்டது என்பது வனத்துறையின் நியாயம். ‘காட்டை அழித்தது எங்கள் வில்லா, சுரங்கமும் கோடரியுமா?’ என்பது மலைமக்களின் நியாயம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

இந்த வழக்கு நண்பர் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ரயில்வேயில் அவருக்கு வேலை கிடைத்த ஆண்டு, “அப்பா, இனி மலைக்குப் போகாதீர்கள். வழக்கு என்று வந்தால் என் வேலைக்கும் ஆபத்து” என்று வேண்டிக்கொண்டாராம். “உன் சம்பளத்துக்காக நான் ஆணில்லாமல் போவதா?” என்று கேட்ட தந்தை, அதன்பின் இரண்டு கோடைகள் மகனோடு பேசவில்லை. மூன்றாம் கோடையில் ஏதோ ஓர் உடன்பாடு ஏற்பட்டதாம். “அது என்ன?” என்று கேட்டோம். “நாளை பார்ப்பீர்கள்” என்று சொல்லிவிட்டு நண்பர் உறங்கப் போனார்.

இருள் பிரியுமுன் மூவரும் புறப்பட்டோம். ஊரை அடுத்த காட்டின் ஓரத்தில் பெரியவர் ஒரு சால மரத்தடியில் நீர் தெளித்து, ஏதோ முணுமுணுத்து வணங்கினார். பிறகு நம் செருப்பைக் கழற்றச் சொன்னார். சருகின்மேல் அவர் கால் பட்டால் ஓசை இல்லை. நம் கால் பட்டால் அப்பளம் நொறுங்கியது. காற்று எதிர்முகமாக வரும்படி வழியைத் தேர்ந்து நடந்தார். அரை நாழிகைக்கு ஒருமுறை நின்றார். நாயுருவி முள்ளும் எறும்பும் நம் காலைப் பதம் பார்த்தன. ஆயினும் வாய் திறவாமல் பின்தொடர்ந்தோம்.

ஒரு வறண்ட ஓடையருகே பெரியவர் சட்டென்று குந்தினார். நாமும் குந்தினோம். நெடுநேரம் கழித்து எதிர்க்கரைப் புதரிலிருந்து ஒரு கேளையாடு வெளிவந்தது. செந்நிறம், குட்டையான கொம்பு. நாய்போல் குரைக்கும் சிறு மான் அது. இருபது இருபத்தைந்து அடிகளுக்கு அப்பால் உதிர்ந்த பழங்களை மேய்ந்துகொண்டு நின்றது. பெரியவர் மெல்ல எழுந்தார். வில் உயர்ந்தது. நாண் காதுவரை சென்றது. அந்த முதிய தோளில் ஒரு நடுக்கம் இல்லை.

அன்பர்களே, அப்போது நாம் செய்ததைச் சொல்லவேண்டும். நம் மூச்சு நின்றது. உடம்பெல்லாம் ஒரு வெறி ஏறியது. நம்மையறியாமல் நம் வாயிலிருந்து, “விடுங்கள், பாபா! விடுங்கள்!” என்று தமிழிலேயே சொற்கள் கிளம்பின. முட்டை கலந்த பிஸ்கோத்தையும் விசாரித்து ஒதுக்கும் வாயிலிருந்து!

கேளையாடு தலையை நிமிர்த்தது, ஒரு முறை குரைத்தது, மறைந்தது. பெரியவர் நாணை விட்டுவிடவில்லை. இழுத்த அளவை மெல்ல மெல்லத் தளர்த்திக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போதுதான் கண்டோம், நாணில் அம்பே இல்லை. ஐந்து அம்புகளும் துணியில் சுற்றியபடி நமக்குப் பின்னால் நின்ற நண்பரின் கையில் இருந்தன.

அதுதான் அவர்களின் உடன்பாடு. வில் தந்தை கையில், அம்பு மகன் கையில். தந்தை கேட்டதில்லை, மகன் கொடுத்ததும் இல்லை. பல கோடைகளாக இப்படியே நடந்து வருகிறது. “வெறும் நாணைச் சட்டென்று விட்டால் வில் பிளந்துபோகும். அதனால் பொறுமையாகத் தளர்த்தவேண்டும். அம்பை எய்வதைவிட இது கடினம்” என்றார் பெரியவர். நாம் சொன்னது என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்ல நமக்கு வெட்கமாயிருந்தது, எனினும் சொன்னோம். அவர் நகைக்கவில்லை. “எல்லாருக்கும் அது உள்ளே இருக்கிறது. காட்டுக்கு வந்தால்தான் தெரியும்” என்றார். புலால் மறுத்தலைப் பிறப்பால் வந்த நற்குணம் என்று எண்ணியிருந்தோம். அது நம் தாத்தாவும் பாட்டியும் கட்டிய வேலி என்பது அந்த ஓடைக்கரையில் விளங்கியது.

திரும்பும் வழியில் நம் ஊர்ச் செய்தி ஒன்றைப் பெரியவருக்குச் சொன்னோம். பொங்கலை ஒட்டிப் பல கோயில்களில் பாரிவேட்டை நடைபெறும். அலங்கரித்த இறைவன் வேட்டைக்கோலத்தில் ஊருக்கு வெளியே எழுந்தருள்வார். மக்கள் கூடுவார்கள், விலங்கு எதுவும் விழாமல் பெருமான் கோயிலுக்குத் திரும்புவார். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றியும் சொன்னோம். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு பாடுகிறது. ஓரியின் அம்பைக் கேட்டுப் பெரியவர் நம்பாமல் தலையசைத்தார். பாரிவேட்டையைக் கேட்டு நின்றுவிட்டார். “உங்கள் சாமிக்கும் அம்பை வைத்துக்கொள்ள ஒரு மகன் இருக்கிறான்போலும்” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். தந்தையும் மகனும் சேர்ந்து சிரித்ததை அப்போதுதான் கண்டோம்.

நண்பரின் மகள் ஜம்ஷெட்பூரில் வில்வித்தை பயில்கிறாள். 1996-இல் தொடங்கிய டாட்டா வில்வித்தைக் கழகத்தால் இந்நகரத்தில் அக்கலைக்குப் பெருமதிப்பு உண்டு. ராஞ்சிப் பக்கத்து எளிய குடும்பத்துப் பெண்ணான தீபிகா குமாரி அங்கே பயின்றவர். 2010-இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். பயிற்சியாளர் பூர்ணிமா மஹதோ இந்நகரத்தவரே. 2013-இல் துரோணாச்சாரியர் விருது பெற்றார். ஏகலைவன் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவருக்குத் துரோணர் பெயரால் விருது! ஆனால் பெரியவர் பேத்தியின் பயிற்சியைப் பார்க்கப் போனதே இல்லை. ‘அட்டையை எய்வது ஒரு வித்தையா?’ என்பது அவர் எண்ணம்.

அன்று மாலை ரயிலுக்குப் புறப்படும்போது அவரே கேட்டார்: “அந்த அட்டையை எவ்வளவு தூரத்தில் வைப்பார்கள்?”

“ஒலிம்பிக்கில் 70 மீட்டர், பாபா. நடுவில் உள்ள வட்டத்தின் அகலம் ஒரு சாணைவிடக் குறைவு” என்றோம்.

பெரியவர் தெருவின் கடைசிப் புளியமரத்தை நோக்கிக் கண்ணாலேயே அளந்தார். “அவ்வளவு தூரத்தில் மானை எய்பவன் மூடன். கிட்டே போகத் தெரியாதவன்” என்றார். சற்றுப் பொறுத்து, “கட்டைவிரலால் நாணைத் தொடுகிறாளா?” என்றார்.

“இல்லை அப்பா. அங்கே மூன்று விரலால் இழுக்கச் சொல்கிறார்கள். கட்டைவிரல் நாணைத் தொடக்கூடாது” என்றார் நண்பர்.

பெரியவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் எழுந்தபோது, “அடுத்த வாரம் நானும் டாட்டாவுக்கு வருகிறேன். இந்த வீட்டில் வில்லும் அம்பும் ஒரே கையில் இருப்பது அவளிடம் மட்டும்தானே” என்றார். சொன்னபடியே வந்தார். மைதானத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பயிற்சி முடியும்வரை நின்றே பார்த்தார்.

பிழைப்பைத் தேடி வந்த நம் இல்லங்களிலும் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெரியோர் வில்லைக் கீழே வைக்க மாட்டோம் என்கிறார்கள்; பிள்ளைகள் அம்பைத் தர மாட்டோம் என்கிறார்கள். இரு கோடைகள் பேசாமலிருந்த அந்தத் தந்தையும் மகனும் பின்னர் ஒன்றாகவே காட்டுக்குப் போகிறார்கள். நம் வீடுகளில் பேச்சு நின்றுபோன கோடைகள் எத்தனை என்று அவரவர் எண்ணிப் பார்ப்போமாக.