முன் ஷோவைக் கழற்றினால் வண்டி கெட்டுவிடாது

“ஏனுங்க, முகத்தைப் பிரிக்காம எஞ்சினை எடுக்க முடியாதுங்களா?”

பிக்கப் வண்டிக்கு எஞ்சின் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். கூலிப் பேச்சுகூட அதற்குப் பிறகுதான் வரும். சங்ககிரிப் பக்கம் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு முகம் கோணாமல் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கையை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மட்கார்டையும் முன் ஷோ என்கிற முகப்பையும் ஒருமுறை கழற்றிவிட்டால் ‘கம்பெனி ஃபிட்டிங்’ போய்விடும், பிறகு எவன் பூட்டினாலும் பழையபடி சேராது என்று வண்டிக்காரர்கள் நம்புகிறார்கள். மெக்கானிக்குகளிடம் இது வேறு உருவத்தில் இருக்கிறது. பானெட்டை மட்டும் எடுத்துவிட்டு எஞ்சினை மேலே தூக்கிவிடுகிறவன் கெட்டிக்காரன், முன்பக்கத்தையே பிரிக்கிறவன் வேலை தெரியாதவன் என்று டீக்கடை வரைக்கும் பேசுகிறார்கள். இரண்டுமே தப்பு. இரண்டாவது, ஆளையே காயப்படுத்துகிற தப்பு.

கம்பெனி ஃபிட்டிங் என்று எதைச் சொல்கிறோம்? சேசிஸ் மேல் பாடி உட்காருகிற வண்டிகளை உருவாக்கும்போது முதலில் சட்டம் வரும். அதில் ஆக்சில் ஏறும், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏறும், அதற்கு அப்புறம்தான் பாடி வந்து இறங்கும். எஞ்சின் போகும் நேரத்தில் அதற்கு முன்னால் கிரில்லும் இருக்காது, மட்கார்டும் இருக்காது. நாம் முன்பக்கத்தைக் கழற்றுகிறபோது செய்வதெல்லாம் அந்த வரிசையைப் பின்னாலிருந்து திருப்பிப் போடுவதுதான். மகிந்திரா 1940களின் கடைசியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பைப் பாருங்கள். போர்க்களத்தில், வெட்டவெளியில் வைத்துப் பழுது பார்ப்பதற்கென்று பிறந்த வண்டி அது. மட்கார்டு, கிரில், ரேடியேட்டர் எல்லாமே போல்ட்டில்தான் நிற்கும். ஸ்பானர் படாமல் காப்பாற்றவேண்டும் என்றால் எதற்காக அங்கே போல்ட் வைத்தார்கள்? வெல்டிங் வைத்திருக்கலாமே.

வெல்டிங் வைத்த வண்டிகள் உண்டு. சேசிஸ் தனியாக இல்லாத கார்களில் முன்பக்கச் சட்டம் பாடியோடு ஒட்டியே வரும். அவற்றில் பலவற்றுக்கு எஞ்சினைக் கீழ்வழியாக இறக்குவதுதான் முறை. அந்தக் கதையை இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம். நான் பேசுவது பிக்கப்பையும் லாரியையும் பற்றி.

முன் ஷோ அதன் இடத்திலேயே இருந்தால் எஞ்சினுக்கு என்ன வழி? அடியில் தொங்குகிற ஆயில் சம்ப், ஷோவின் மேல்விளிம்பைத் தாண்டும்வரை முழு எஞ்சினையும் தூக்கவேண்டும். செயின் பிளாக்கில் அது ஆள் நெஞ்சு உயரத்துக்குப் போகும். நேராகவும் போகாது. முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே என்று சாய்த்துச் சாய்த்துத்தான் வெளியே வரும். சாய்ந்த எஞ்சின் சங்கிலியில் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பையன் இந்தப் பக்கம் தள்ளுவான், இன்னொருவன் அந்தப் பக்கம் இழுப்பான், மூன்றாமவன் கையை உள்ளே விட்டுக் குழாயை விலக்குவான். இதையே ஷோவை எடுத்துவிட்டுச் செய்தால் மவுண்டிங்கை விட்டு ஒரு சாண் தூக்கினால் போதும், அப்படியே முன்னால் இழுத்துக்கொள்ளலாம். சங்கிலியே அறுந்தாலும் எஞ்சின் விழப்போவது ஒரு சாண்.

நான் தொழில் பழகிய பட்டறையில் முன்பக்கத்தைப் பிரிக்கிற வழக்கமே கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒருநாள் மத்தியானம் சாய்த்துப் பிடித்திருந்த எஞ்சின் சங்கிலியில் அரை விரற்கடை நழுவியது. அவ்வளவுதான் நழுவியது. என்னோடு சேர்ந்து வேலை பழகிய பையனின் வலது கை பெல் ஹவுசிங்குக்கும் கேபின் தகட்டுக்கும் நடுவே இருந்தது. இரண்டு விரல். அன்றைக்கு அந்த வண்டியில் நாங்கள் கழற்றாமல் மிச்சம் பிடித்த போல்ட் இருபதுகூட இருக்காது. அவன் அதோடு ஸ்பானரைத் தொடவில்லை. இப்போது காய்கறிக் கடை வைத்திருக்கிறான். காசு எண்ணும்போது இடது கையால்தான் எண்ணுவான்.

விரல் தப்பினாலும் கிளட்ச் தப்புவதில்லை. மாற்று எஞ்சின் உள்ளே போகும்போது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நுழைந்து, ஃபிளைவீல் நடுவில் இருக்கிற சின்ன பைலட் பேரிங்கில் போய் உட்காரவேண்டும். அதற்கு இரண்டும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். முன்பக்கம் திறந்திருந்தால் எஞ்சினை மட்டமாக வைத்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்து, கிராங்க்கை லேசாகத் திருப்பினால் தானாகப் போய்ச் சேரும். மேலேயிருந்து சாய்வாக இறக்குகிறவனுக்கு அது கண்ணில் படாது. கடைசி அரை அங்குலம் சேராதபோது பெல் ஹவுசிங் போல்ட்டை மாட்டி முறுக்கி இழுத்துவிடுவான். பிளேட்டின் நடுவட்டம் கோணும், இல்லையென்றால் பேரிங் நசுங்கும். ஒரு மாதத்தில் வண்டி கிளம்பும்போதே உதறும். “செகண்ட் ஹேண்ட் எஞ்சின் சரியில்லீங்க” என்று எஞ்சின் மேல் பழி போட்டுவிடுவார்கள்.

முன்பக்கத்தைப் பிரிக்க லாரிப் பட்டறைக்காரர்களுக்கு வெட்கம் கிடையாது. பழைய செமி ஃபார்வர்டு லாரிகளில் எஞ்சினின் பின்பாதி கேபினுக்குள்ளே நிற்கும். மேலே தூக்க வழியே இல்லை. பம்பர், ஷோ, ரேடியேட்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முன்னால்தான் இழுப்பார்கள். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். 2008 முதல் 2010 வரை வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்பில் 6.4 லிட்டர் டீசல் எஞ்சின். அதில் பெரிய வேலை என்றால் கேபினையே சேசிஸிலிருந்து மேலே தூக்கிவிட்டுத்தான் பல மெக்கானிக்குகள் உள்ளே கை வைக்கிறார்கள். வண்டி கெட்டுப்போச்சு என்று அங்கே யாரும் அழுவதில்லை.

பிரித்த வண்டி சேராமல் போவதும் உண்டு, மறுக்கவில்லை. அது பிரித்தவன் குறி வைக்காமல் பிரித்ததால் வருகிற வினை. பானெட் கீலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால் இடைவெளி மாறாது. மட்கார்டு போல்ட்டின் கீழே எந்த இடத்தில் எத்தனை வாஷர் இருந்தது என்று எழுதி வைக்கவேண்டும். அதைத் தொலைத்தவன்தான் பிறகு கதவு இடிக்கிறது என்று டிங்கரைக் கூப்பிடுவான். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவிடவேண்டும். ஏசி வண்டியாக இருந்தால் கண்டென்சரைக் குழாயோடு கழற்றி ஓரமாகக் கட்டிவிட முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும், முடிந்தால் கேஸை வீணாக்க வேண்டியதில்லை. எர்த் வயரை மறந்துவிட்டால் செல்ஃப் எடுக்காது. கடைசியில் ஹெட்லைட் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துச் சரி பார்க்கவேண்டும். எங்கள் பட்டறையில் இரண்டு பேர் இறங்கினால் கழற்ற ஒன்றரை மணி நேரம், பூட்ட இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்கு நாங்கள் கூலி வாங்குகிறோம், உண்மைதான். ஆனால் முகப்பு கழன்று கிடக்கிற அந்த ஒரு நாளில்தான் எஞ்சின் மவுண்டிங் பக்கம் சேசிஸில் விரிசல் இருக்கிறதா, பிரேக் குழாய் உரசித் தேய்ந்திருக்கிறதா, ரேடியேட்டரில் மண் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது.

இந்த நம்பிக்கையின் வேர் விற்பனைச் சந்தையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய வண்டி வாங்க வருகிறவர் பானெட்டைத் தூக்கி மட்கார்டு போல்ட்டின் தலையைத்தான் பார்ப்பார். பெயிண்டு உரிந்திருந்தால் “அடிபட்ட வண்டி” என்று சொல்லி விலையைக் குறைப்பார். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பரிகாரம் பையன்களின் கையைப் பணயம் வைப்பதா? கழற்றும்போது நான்கு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாற்றுவதற்காக முன் ஷோ கழற்றிப் பூட்டப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எஞ்சின் எண் மாறினால் ஆர்.சி.யில் எப்படியும் பதிந்தாகவேண்டும். அந்தக் காகிதத்தோடு இந்த பில்லையும் சேர்த்து வையுங்கள். வாங்க வருகிறவரிடம் நீங்களே முதலில் எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்த முறை மெக்கானிக் “முன்பக்கத்தைக் கழற்றித்தான் எடுக்கணும்ங்க” என்று சொன்னால் பேரம் பேசாதீர்கள். “கழட்டுங்க, சாயங்காலம் வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். எஞ்சினைச் சுற்றி நிற்கிற பையன்களில் ஒருவனுக்கு அன்றைக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.