செடிகளுக்குப் போர்வை

சென்ற பங்குனியில் நம்முடைய தோட்டத்தில் தக்காளிப் பூக்கள் ஒரு வார காலத்துக்குள் அத்தனையும் உதிர்ந்து போயின. பூச்சியன்று, நோயுமன்று. நாமே பணம் கொடுத்து வரவழைத்துக் கொண்ட விபத்து அது.

ஓசூருக்கருகே நமக்கு அரை ஏக்கர் நிலம் உண்டு. அந்தப் பக்கத்தில் ரோஜாவும் குடமிளகாயும் பாலித்தீன் கூடாரங்களுக்குள் வளர்வதை நேயர்களில் பலர் ரயிலிலிருந்தே பார்த்திருக்கலாம். சர்க்கார் காகிதங்களில் இதற்குப் பசுமைக்குடில் என்று பெயர். ஊரில் 'பாலி ஹவுஸ்' என்றால்தான் தெரியும். சேமநிதியில் கடன் வாங்கி, சீமைப் புத்தகம் ஒன்றைப் படித்து, நாமும் ஒன்று கட்டினோம்.

வேலை கடினமன்று, ஆனால் கணக்கு வேண்டும். அறுபதடி நீளம், பதினெட்டடி அகலம். நாகம் பூசிய குழாய்களை அரைவட்டமாக வளைத்து, ஆறடிக்கு ஒன்றாகப் பதினொரு வில்களை நட்டோம். வில்லின் சுற்றளவே இருபத்தெட்டேகால் அடி. இரு பக்கமும் மண்ணில் புதைக்க ஒன்றரை அடி சேர்த்தால் முப்பத்தொன்றேகால் அடி அகலத் தாள் வேண்டும். 200 மைக்ரான் கனமும், வெயிலுக்கு மக்காத மருந்தும் சேர்ந்த தாளாக இருக்க வேண்டும். சாதாரணத் தாள் ஒரு கோடையைக்கூடத் தாங்குவது அரிது. காற்றில்லாத, வெயிலடிக்கும் நேரத்தில் போர்த்துவதே முறை. சூட்டில் தளர்ந்த தாளை அப்போதே இழுத்துக் கட்டினால் மாலைக் குளிர்ச்சியில் மத்தளம் போல் விறைத்துக் கொள்ளும்.

எல்லாம் புத்தகப்படியே செய்தோம். பிறகு பரீட்சைக் காலம் வந்தது. மாடு நுழையாதிருக்க இரு கோடிக் கதவுகளையும் சாத்திவிட்டு, காலையில் பஸ் ஏறிப் போனோம். ஐந்தாம் நாள் பிற்பகல் உள்ளே சென்று பார்த்தால் உஷ்ணமானி 46 டிகிரி காட்டியது. 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் கெடத் தொடங்கும். நம்முடைய தாயார் வாசலில் நின்றபடியே, "ஏனப்பா, பங்குனி வெயிலில் செடிக்குக் குளிருகிறதென்றா போர்வை போர்த்தினாய்?" என்று கேட்டார்.

பெளதிகம் போதிக்கும் நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஆர். டபிள்யூ. வுட் 1909இல் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றொன்றுக்கு உஷ்ணக் கதிர்களைத் தடுக்காத பாறையுப்புத் தகட்டு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. கதிரை மூடி பிடித்து வைப்பது முக்கியமன்று. சூடான காற்று வெளியேற வழியில்லாததே முக்கியம். இதை எத்தனையோ முறை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம்! சீமையில் உறைபனியைத் தடுக்க அந்தக் காற்றைச் சிறைப்படுத்துகிறார்கள். நமக்கு அதை விடுதலை செய்வதே வேலை.

ஆகவே கூடாரத்தைத் திருத்தினோம். தாளை அறுப்பதற்கு முன்னால் நாலடி உயரத்தில் நீளவாட்டில் காடியுள்ள இரும்புச் சட்டம் பொருத்தி, கம்பி வைத்துத் தாளை அதில் இறுக்கினோம்; இல்லாவிட்டால் ஆடிக் காற்று முழுத்தாளையும் அடுத்த ஊருக்குக் கொண்டு போயிருக்கும். அதன் கீழே தரைக்கு ஓரடி மேல் வரை தாளை நீக்கி, வெள்ளை ஈ நுழையாமலிருக்க அங்குலத்துக்கு 40 கண்ணுள்ள வலை கட்டினோம். வலை நெருங்க நெருங்கக் காற்று குறையும் என்பதால்தான் இவ்வளவு பெரிய திறப்பு. மழைக்கும் குளிருக்கும் இறக்கிவிட, குழாயில் சுருட்டிய தாள் ஒன்று தனியே உண்டு. கோடையில் மேலே நிழல் வலை. இத்தனைக்கும் மறுபடி செலவு. முதலிலேயே செய்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

ஆவணியில் நட்ட செடிகள் பூத்தன. ஆனால் வலை வண்டையும் உள்ளே விடுவதில்லை. தக்காளிப் பூவை அசைத்தால்தான் மகரந்தம் உதிரும். அதனால் தினம் காலை பத்து மணிக்குத் தாயார் ஒரு மூங்கில் குச்சியுடன் போய், செடிகளைக் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வருகிறார். கடனில் இன்னும் பதினான்கு தவணை பாக்கி. காய் பிடித்திருக்கிறது.