கம்ப்யூட்டருக்கு மனுசத்தன்மை வேணுமாம்

ஒரு கூட்டத்துக்காகப் பாட்டுப் பதிவு செய்யப் போயிருந்தோம். புதுச்சேரியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம், பேர் வேண்டாம். வில்லியனூர் பக்கத்துச் சேரியிலிருந்து என் பெரியப்பாவையும் இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். பறை காய்ச்ச நெருப்பு வேண்டும் என்றதற்கே அங்கே மூஞ்சி கோணியது. வாசலில் காகிதம் கொளுத்திக் காய்ச்சினோம். ரெண்டு மணி நேரம் அடித்தார்கள். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், ஒரு டீ. ஒரு வாரம் கழித்துக் கேட்கக் கூப்பிட்டார்கள். பெரியப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "தோலு என்னுதுதான்டா. அடி யாருது?"

நடந்தது இதுதான். மூன்று பேர் அடித்ததில் பெரியப்பாவின் நாலைந்து அடிகளை மட்டும் வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். அப்படி அடுக்கினால் தாளம் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். அவர்களுக்கே பிடிக்கவில்லை. உடனே ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். பொத்தானுக்குப் பேர் 'ஹியூமனைஸ்'. மனிதனாக்கு என்று அர்த்தம். அழுத்தினால் ஒவ்வொரு அடியும் கட்டத்தைவிட்டுச் சில மில்லிசெகண்ட் முன்னே பின்னே நகரும், சத்தம் கொஞ்சம் ஏறி இறங்கும். எந்த அடி எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இயந்திரமே முடிவு செய்துகொள்ளும்.

மூன்று மனுசர்களை வெளியே அனுப்பிவிட்டு இயந்திரத்துக்கு மனுசத்தன்மை ஊட்டுகிறார்கள், தோழர்களே. (ஊர்த்தெருவுக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்தச் சொல்லலாம்.)

அந்தப் பொத்தானுக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. கட்டத்தில் விழுவதுதான் சரியான அடி, மனுசன் என்றால் அதில் கொஞ்சம் தப்பு என்கிறது அது. யார் சொன்னது? பெரியப்பாவின் ஒரு கையில் நீளமான மூங்கில் குச்சி, மறு கையில் குட்டையான அடிகுச்சி. ரெண்டும் ஒரே மாதிரி வந்து விழாது. தோல் ஆற ஆறத் தொய்யும், அதற்கேற்ப அவர் இழுத்து அடிப்பார். பாடை தெரு முனையில் திரும்பும்போது ஆடுகிறவன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஓர் அடியை நிறுத்திப் போடுவார். ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணம் கேட்டால் சொல்லுவார். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

வெள்ளைக்காரன் அளந்து சொன்னால்தான் நம்புவீர்கள் என்றால் அதுவும் இருக்கிறது. ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் ஹோல்கர் ஹென்னிக் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் கானா நாட்டு மேளக்காரர் ஒருவரின் அடிகளை அளந்து 2011இல் எழுதினார்கள். அவருடைய அடி நகர்வது குருட்டாம்போக்கில் இல்லை. இப்போதைய நகர்வுக்கும் வெகுநேரம் முன்னால் நடந்த நகர்வுக்கும் தொடர்பு இருக்கிறது. இந்த வகை நகர்வை வைத்துச் செய்த பாட்டையும், சீட்டுக் குலுக்கல் நகர்வை வைத்துச் செய்த பாட்டையும் போட்டுக் காட்டியபோது கேட்டவர்கள் முதலாவதையே விரும்பினார்கள். ரெண்டு பேர் சேர்ந்து தட்டும்போது ஒருவர் நகர்வு மற்றவரின் நகர்வைத் தொடர்கிறது என்றும் ஹென்னிக் 2014இல் எழுதினார். இதைத்தான் பெரியப்பா, "பக்கத்துல அடிக்கிறவன் மூச்சப் பாத்து அடிடா" என்று எனக்குப் பத்து வயதில் சொன்னார். ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தால் அந்த மூச்சு எங்கிருந்து வரும்?

பாகூர் பக்கத்துத் தோழர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். "மேளம் ஒழிஞ்சாத்தான் நமக்கு மானம். அந்த எழவ கம்ப்யூட்டரே அடிச்சிட்டுப் போவட்டுமே, உனக்கு இன்னா?" அவர் கோபத்தை மதிக்கிறேன். சாதிக்காரன் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் பட்ட அடியும் உதையும் எனக்குத் தெரியும். என் அண்ணன் பிள்ளை எவன் சாவுக்கும் போய் நிற்க வேண்டாம். ஆனால் இங்கே மேளம் ஒழியவில்லையே? சத்தம் ரிதம் பேடில் ஏறிக் கல்யாண மண்டபத்துக்குள்ளேயே போகிறது. அடித்தவர்தான் தெருவில் நிற்கிறார், பேரும் இல்லாமல் பங்கும் இல்லாமல். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம். மற்றவர்கள் அடியை வெட்டி விற்க அது அனுமதிச் சீட்டு இல்லை.

இயந்திரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1980இல் ரோஜர் லின் தன் மேள இயந்திரத்திலேயே, ரெண்டு அடியில் ரெண்டாவதைக் கொஞ்சம் தள்ளிப் போட வழி வைத்தார். டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பு இளைஞர் ஜே டில்லா, அக்காய் எம்.பி.சி. 3000இல் தன் விரலாலேயே தட்டினார். எங்கே பிந்த வேண்டும் என்பதை முடிவு செய்தது அவர் காது. 2006இல் செத்துப்போனார். அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனில் கறுப்பர்களின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பையன்களிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறது. மூன்று பேரையும் சேர்த்தே பதியலாம். பதிவிலிருந்து அவர்கள் அடித்த நேரத்தை அப்படியே அச்சாக எடுத்து, கம்ப்யூட்டர் தாளத்தை அதில் வார்க்க இப்போது வசதி இருக்கிறது. வார்ப்பவன் அவர்கள் பேரையும் போட வேண்டும், காசில் பங்கும் கொடுக்க வேண்டும்.

அந்தப் பதிவை வாங்காமலே வந்துவிட்டோம். கூட்டத்தன்று மூன்று பேரும் நேரில் அடித்தார்கள். அண்ணன் பிள்ளை செல்போனில் பிடித்து வைத்திருக்கிறான். பதினோராவது நிமிஷத்தில் தோல் இறங்கிப் பெரியப்பா இழுக்கிறார், மற்ற ரெண்டு பேரும் அவருக்காகப் பிந்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து கேட்கலாம்.