தண்ணீர் தெளிந்தால் இதற்குப் பட்டினி



அரசியல் பதிவு அல்ல, பயப்பட வேண்டாம். ஓர் இறாலைப் பற்றிய பதிவு. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும், பிள்ளைகள் தொட்டி கேட்டு அடம்பிடிக்கும் உம்மா வாப்பாமாரும் பொறுமையாக வாசியுங்கள். நம்முடைய தரம் 7 பெற்றோர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஏன் என்று கீழே வரும்.

பெருநாள் வந்தால் நம்மூர்ப் பிள்ளைகளின் பெருநாள் காசில் பாதி பிளாஸ்டிக் துவக்குக்கும் மீதி மீன் கடைக்கும் போவது வழமை. இம்முறை பல வீட்டுத் தொட்டிகளில் ஒரு புது விருந்தாளியைக் கண்டேன். விரல் நீளத்தில் ஓர் இறால். தவிட்டு நிறம், முதுகில் ஒரு வெளிர் கோடு. கடைக்காரர்கள் ‘பேம்பூ ஷ்ரிம்ப்’ என்கிறார்கள், சிலர் ‘ஃபேன் ஷ்ரிம்ப்’ என்கிறார்கள். விஞ்ஞானப் பெயர் அட்யொப்சிஸ் மொலுக்கென்சிஸ். நான் இதில் விசிறி இறால் என்றே எழுதுகிறேன், அதுதான் பொருத்தம். நாம் தின்னும் இறாலுக்கு முன்னால் கொடுக்கு இருக்கும் அல்லவா, இதற்கு அந்த இடத்தில் நான்கு சின்ன விசிறிகள் இருக்கின்றன. மெல்லிய மயிர்கள் சேர்ந்த விசிறி. தண்ணீர் ஓடி வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து, நான்கையும் விரித்துப் பிடிக்கும். ஓட்டத்தில் வரும் நுண்ணிய பாசி, உக்கிய இலைத் துணுக்கு, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் எல்லாம் அதில் படியும். ஒவ்வொரு விசிறியாக மடித்து வாய்க்குள் வைத்துத் துடைத்து மறுபடி விரிக்கும். ஒன்று போக ஒன்று, நிறுத்தாமல். சுப்ஹானல்லாஹ், மணிக்கணக்கில் பார்த்துக் கொண்டிருக்கலாம். பிள்ளைகள் ஆசைப்படுவதில் பிழை சொல்ல ஏலாது.

பிரச்சினை, அதை விற்கும்போது சொல்லும் வார்த்தையில் இருக்கிறது. “இதுக்குச் சாப்பாடு ஒண்டும் தேவல்ல சேர், தண்ணிய இதுவே கிளீன் பண்ணும்.” ஒரு கடையில் என்னிடமே இப்படிச் சொன்னார்கள். கடையின் பெயர் வேண்டாம். இது ஒரு கடையின் பேச்சும் அல்ல.

இந்தப் பேச்சை நம்பி வாங்கியவர் என்ன செய்வார்? நல்ல பில்டர் போடுவார். கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவார். மண்ணைக் கழுவுவார். தொட்டி கண்ணாடி மாதிரி மின்னும். வீட்டுக்கு வருகிறவர்கள் “மாஷா அல்லாஹ், என்ன சுத்தம்” என்பார்கள். அந்தச் சுத்தமான தண்ணீரில் விசிறி இறால் வெறும் விசிறியை விரித்து வெறும் விசிறியை நக்கிக் கொண்டிருக்கும். தண்ணீரில் மிதப்பதுதான் அதன் சோறு. மிதப்பதையெல்லாம் பில்டர் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது.

இன்னுமொன்று, இது பசியில் சட்டென்று சாகாது. கிழமைக் கணக்கில், சிலவேளை மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். கத்தாது, துள்ளாது. பசித்த பூனை காலைச் சுற்றி வந்து நம்மைத் தூங்க விடாது. இறாலுக்கு அந்த வசதி இல்லை. அது காட்டும் ஒரே அடையாளம், உயரத்தில் உட்கார்ந்து விசிறி விரிப்பதை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, விசிறிகளை மூடிக் குச்சிபோல வைத்துக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டு திரிவதுதான். “பாருங்கோ சேர், என்ன சுறுசுறுப்பா மண்ணைக் கிளீன் பண்ணுது” என்று ஒரு வாப்பா எனக்கு வீடியோ அனுப்பியிருந்தார். எப்போதாவது கிளறினால் பரவாயில்லை. நாள் முழுக்க அதுவே வேலையாக இருந்தால் அது பசித்துப்போய்த் தேடுகிறது என்று அர்த்தம்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ் ஒன்று உண்டு. ஒரு பூனையை அடைத்து வைத்ததற்காக வேதனை செய்யப்பட்ட பெண்ணைப் பற்றியது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. மத்ரஸாவில் சின்ன வயதிலேயே கேட்டிருப்போம். அவள் சாப்பாடு போடவில்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதோடு சேர்ந்து வரும் அடுத்த விடயத்தைத்தான் நாம் கவனிப்பதில்லை. அது தானே போய்ப் பூமியில் கிடைப்பதைத் தேடித் தின்னவும் அவள் விடவில்லை. கண்ணாடிக்குள் இறாலை விட்டு, உணவும் போடாமல், அது தானே பிடித்துத் தின்னக்கூடியதையும் மெஷின் வைத்து வடித்து எடுத்தால், அந்த இரண்டுமே நடந்துவிடுகின்றன. நான் மௌலவி அல்ல, ஃபத்வா சொல்லவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு அந்தத் தொட்டியைப் பார்க்கும் கண் மாறவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

“இறால் பொரித்துத் தின்கிற ஊரில் இறாலுக்கு இரக்கமா சேர்?” என்று ஒரு நானா கேட்டார். நல்ல கேள்வி, சிரிப்பும் வந்தது. எனக்கும் இறால் பொரியல் விருப்பம்தான். தின்பது ஹலால், அது வேறு. அறுக்கும் பிராணிக்கே கத்தியைத் தீட்டி வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தின்னவும் இல்லாமல், பார்த்து ரசிக்க மட்டும் ஒன்றை அடைத்து வைக்கிறோம் என்றால் அது நம்மிடம் உள்ள அமானிதம். அபூ உமைர் என்ற சிறுவரின் குருவி செத்தபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவரிடம் அன்போடு அதைப் பற்றி விசாரித்த சம்பவத்தை வைத்து, பிள்ளைகள் சிறு பிராணி வளர்க்கலாம் என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வளர்ப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் தொட்டி இருக்கிறது.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. குப்பி மீன் போல இது நம் தொட்டியில் குஞ்சு பொரித்துப் பெருகாது. தாய் இறால் முட்டையை வயிற்றுக்கடியில் சுமக்கும், அது பொரிக்கவும் செய்யும். ஆனால் பொரிக்கும் குஞ்சு நன்னீரில் வளராது. இயற்கையில் அது ஆற்றோடு அடித்துச் செல்லப்பட்டு உப்புத் தண்ணீருக்குப் போய், அங்கே வளர்ந்து, சின்ன இறாலாக மறுபடி ஆற்றுக்கு ஏறி வர வேண்டும். வீட்டில் அதைச் செய்து காட்டியவர்கள் மிகச் சொற்பம். ஆகவே கடையில் விற்பவற்றில் அநேகமானவை தென்கிழக்காசியப் பக்கத்து ஓடைகளில் பிடித்தவை. ஓடுகிற ஆற்றில் பிறந்து வளர்ந்த ஒன்றைத்தான் நாம் அசையாத தண்ணீரில் கொண்டுவந்து வைக்கிறோம். ஒன்று செத்தால் இன்னொன்று வாங்குகிறோம், அதற்காக அங்கே இன்னொன்று பிடிபடுகிறது.

(இடையில் ஒன்று. நம்முடைய நாட்டிலும் இதே குடும்பத்துச் சின்ன இறால்கள் இருக்கின்றன. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் கரிடினா சிங்ஹலென்சிஸ் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ட்ரிப் போகிறவர்கள் போத்தலில் பிடித்துவர நினைக்க வேண்டாம். பார்த்துவிட்டு வாருங்கள்.)

சரி, ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? குறை சொல்லிவிட்டு ஓடக்கூடாது, அதையும் எழுதுகிறேன்.

முதல் தேவை ஓட்டம். காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டர் மட்டும் போதாது. தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளும் பம்ப் ஒன்று வேண்டும். அதன் வாய்க்கு எதிரே, கொஞ்சம் உயரத்தில், ஒரு கட்டையோ கல்லோ வையுங்கள். நல்ல இடம் கிடைத்தால் இறால் தானே போய் உட்காரும். தொட்டி 75 லீற்றருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், தொட்டி சில மாதங்களாவது ஓடிப் பழகியதாக இருப்பது. நேற்று வாங்கி இன்று நிரப்பிய தொட்டியில் அதற்கு ஒன்றுமே இருக்காது.

அடுத்தது சாப்பாடு. மீன் சாப்பாட்டையோ ஸ்பிருலினா வில்லையையோ உரலில் போட்டு மாவாக இடியுங்கள். மிளகாய் இடித்த உரலில் வேண்டாம்! அந்த மாவில் ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, இறாலுக்கு முன்னால் ஓட்டம் வரும் பக்கத்தில் மெதுவாக விடுங்கள். விசிறிகள் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்தாலே அது எவ்வளவு பசியில் இருந்தது என்று விளங்கும். அந்த நேரம் பஞ்சு பில்டர் வடித்து எடுத்துவிடும் என்றால் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாம், ஓட்டத்தை மட்டும் நிறுத்தக்கூடாது. நாளைக்கு ஒருதரமாவது, முடிந்தால் இரண்டுதரம். அளவு கூடினால் தண்ணீர் கெட்டு மீனும் சேர்ந்து சாகும். இந்தக் கணக்குப் பழக நாள் எடுக்கும். அதனால்தான் இது பத்து வயதுப் பிள்ளைக்குப் பெருநாள் பரிசாகக் கொடுக்கும் பிராணி அல்ல என்கிறேன்.

செம்பு கலந்த மீன் மருந்துகள் இறாலுக்கு நஞ்சு. மீனுக்கு வருத்தம் என்று ஊற்றும் சொட்டு இறாலைக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்காமல் ஊற்ற வேண்டாம். அதோடு டெங்கு காலத்தில் நாம் அடிக்கும் நுளம்பு ஸ்ப்ரே. நுளம்பைக் கொல்லும் அந்த மருந்து இறாலையும் கொல்லும். மோட்டர் அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள்தான் விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம்.

ஒருநாள் காலையில் இறால் அசையாமல், வெளிறி, உள்ளே வெறுமையாகக் கிடந்தால் உடனே அழவும் வேண்டாம், எடுத்து எறியவும் வேண்டாம். அது சட்டை கழற்றியிருக்கலாம். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும்வரை கட்டைக்கடியில் ஒளிந்துகொள்ளும். அந்த நாட்களில் தேடிக் கிளற வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்று தோன்றினால் பிங்கா ஓயாவில் கொண்டுபோய் விட வேண்டாம். பாவம் பார்த்து ஆற்றில் விட்டதாக ஒருவர் பெருமையாகச் சொன்னார். தொட்டி கிளீன் பண்ணும் என்று விற்ற சக்கர் மீன் இன்று பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் பெருகிக் கிடக்கிறது. அமேசன் பக்கத்து மீன் மகாவலிக்குத் தானாக நடந்து வரவில்லை. இந்த இறாலும் அப்படிப் பெருகும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றுக்குரியது அல்லாததை ஆற்றில் போடும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பராமரிக்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள்.

இனி தரம் 7 விடயம். பெற்றோர் சிலர் சேர்ந்து வகுப்புக்கு ஒரு தொட்டி அன்பளிப்புச் செய்ய முன்வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். அதில் நான்கு விசிறி இறால்களும் விடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. இதைத்தான் நான் விரும்பவில்லை. வெள்ளி பின்னேரம் பூட்டினால் திங்கள் காலைதான் வகுப்புத் திறக்கும். மெயின் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டுப் போனால் ஓட்டமும் இல்லை. தவணை விடுமுறை, அதற்கு மேல் நம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை முழு மாதம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போனதையும் பார்த்தவர்கள் நாம். “எங்கட அவர் வந்து பார்ப்பார்” என்று எல்லோரும் சொல்வோம், கடைசியில் எல்லாம் காவலாளி நானாவின் தலையில் விழும். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விரிவுரையாளர், வகுப்பறையில் உயிருள்ள ஒன்றை வைப்பதற்கு முன் விடுமுறை நாட்காட்டியை எடுத்துப் பார் என்பார். அந்த நாட்காட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் நாற்பது பேர் நாள்தோறும் பார்க்கப்போகும் தொட்டி அது. அதில் ஒரு பிராணி மெல்ல மெல்ல மெலிந்து போவதை “கிளீன் பண்ணுது” என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று உணவுச் சங்கிலி படிப்பிக்க ஏலாது.

இறால்தான் வேண்டும் என்றால் செரி ஷ்ரிம்ப் என்ற சின்னச் சிவப்பு இறால் இருக்கிறது. ஓட்டம் தேவையில்லை, கட்டையிலும் இலையிலும் படியும் பாசியை மேய்ந்துகொள்ளும், நன்னீரிலேயே குஞ்சு பொரிக்கும். தொட்டியில் பிறந்ததையே வாங்கலாம். வார இறுதி இரண்டு நாளையும் பாசி பிடித்த தொட்டியில் சமாளிக்கும். நீண்ட விடுமுறைக்கு ஒரு போத்தலில் போட்டு யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அல்லது குப்பி மீன். என்னிடம் குஞ்சுகள் நிறைய இருக்கின்றன, காசு வேண்டாம். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் பெற்றோர்கள் மூடியுள்ள போத்தல் ஒன்று கொண்டுவந்தால் போதும்.