சாவித்திரிக்கு எதற்கு டைரக்‌ஷன்?

"பேசாமல் நடித்துக்கொண்டே இருந்திருக்கலாம். சாவித்திரிக்கு எதற்கு டைரக்‌ஷன்?" என் வயதுக்காரர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் நியாயமாகப் படவில்லை.

1968-ல் தெலுங்கில் 'சின்னாரி பாபலு' எடுத்தார். அதையே மறுவருடம் தமிழில் 'குழந்தை உள்ளம்' ஆக்கினார். 1971-ல் சிவாஜியை வைத்து 'பிராப்தம்'. தெலுங்கில் தானே நடித்து நன்றாக ஓடிய 'மூக மனசுலு' கதைதான். இங்கே ஓடவில்லை, கையைச் சுட்டுக்கொண்டார். உண்மைதான்.

ஆனால் சொந்தப் படம் எடுத்து நொடித்த ஆண் நடிகர்கள் எத்தனை பேர்? அவர்களைத் துணிச்சல்காரர் என்கிறோம். "அவருக்கு எதற்கு இந்த வேலை?" என்று நாம் கேட்டதில்லை.

இது புதிய வழியும் அல்ல. 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமி தன் நாவலையே 1936-ல் 'மிஸ் கமலா'வாக இயக்கினார். 1953-ல் பானுமதி 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் இயக்கினார்.

அத்தனை வருடம் கேமரா முன்னால் நின்றவருக்கு, அதன் பின்னால் நிற்க ஆசை வரக்கூடாதா? தோற்றது படம், ஆசை தப்பில்லை. அடுத்த முறை பேச்சு வந்தால் நான் சாவித்திரி கட்சி.